மகளோடு விளையாட்டு: பத்துக்கு ஏழு

அன்புள்ள ஐயா,

எது எனக்கு மகிழ்ச்சி தருகிறது என்று தினமும் செல்போனில் குறித்து வருகிறேன். காலை நடை 6, இளையராஜா பாட்டு 7, சமையல் 4, மகளோடு விளையாட்டு 7 என்று பத்துக்கு மார்க். எதுவுமே எட்டைத் தொடவில்லை. புதிதாக என்னென்ன பழகலாம்? என் சந்தோஷத்துக்காக மட்டும் நேரம் ஒதுக்குவது சுயநலமா?

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்,

சுயநலமெல்லாம் இல்லை, அந்தக் கேள்வியை விடுங்கள்.

மகளோடு விளையாடியதற்கு மார்க் போட்டிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் போனை எடுத்து 7 என்று தட்டியபோது அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? அப்பா எப்போது திரும்புவார் என்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

பட்டியல் போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு உளவியலாளர்கள் அப்படி எழுதச் சொல்வதுண்டு, அவர்களுக்கு அது உதவும். உங்களுக்கும் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், தள்ளிப்போடாமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். இதை அக்கறையோடு சொல்கிறேன்.

கொஞ்ச நாளாகவே எனக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயம் வேறு. ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் நினைத்த நேரத்தில் போன் வழியே கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனசு அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? 46.9 சதவீதத் தருணங்களில் மனசு வேறெங்கோ இருந்தது. என்ன வேலை செய்தார்கள் என்பதைவிட, மனசு அதில் இருந்ததா என்பதே அவர்களுடைய சந்தோஷத்தை அதிகம் காட்டிக்கொடுத்தது. இனிமையான நினைப்பில் மிதந்தவர்கள்கூட, கையிலிருந்த வேலையில் மூழ்கியவர்களைவிடக் கூடுதல் சந்தோஷமாக இல்லை. அவர்களும் போனில்தானே மார்க் கேட்டார்கள் என்பீர்கள். சரி, அது ஆராய்ச்சி. உங்கள் வீட்டுக் கூடம் ஆராய்ச்சிக்கூடம் இல்லை.

திருமங்கலத்தில் என் அத்தை தினமும் சாயங்காலம் பூக் கட்டுவாள். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவள். அந்தக் கால வழக்கப்படி, கட்டிய பூவில் ஒரு கிள்ளுகூட அவள் தலைக்குப் போகாது. எல்லாம் கோயிலுக்கும் அண்டை வீட்டுப் பெண்களுக்கும்தான். முறத்தில் உதிரி மல்லி, கிண்ணத்துத் தண்ணீரில் வாழைநார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்பைச் சேர்த்துப் பிடித்து நாரைச் சுற்றி ஒரு சுருக்கு. இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்ந்தால் பூ உருவிக்கொண்டு வரும். இருட்டி மொட்டு விரிவதற்குள் முடித்தாக வேண்டும். பக்கத்தில் போய்ப் பேச்சுக்கொடுத்தால், "செத்த சும்மா இரு, கண்ணி நழுவுது" என்பாள். அந்த அரை மணி நேரம் அவள் முகத்தில் இருந்த தெளிவை வேறு எந்த நேரத்திலும் நான் பார்த்ததில்லை. அவள் வாழ்க்கையில் சந்தோஷப்பட வேறு காரணம் அதிகம் இருக்கவும் இல்லை. அவளிடம் போய் இதற்கு எத்தனை மார்க் என்று யாராவது கேட்டிருந்தால், எனக்கு அழுகை வந்திருக்கும்.

உங்கள் ஊரில் பூவுக்கா பஞ்சம்? ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ உதிரி வாங்கி, போனை உள்ளறையில் வைத்துவிட்டு மகளோடு உட்காருங்கள். முதல் சரம் அவிழ்ந்து கொட்டத்தான் செய்யும், அவளைத் திட்டாதீர்கள். நார் காய்ந்தால் பொடுக்கென்று அறுந்துவிடும், அவ்வப்போது நனைத்துக்கொள்ளுங்கள்.