ஹீட்சிங்க் சூடாகவில்லை, மாஸ்ஃபெட் மட்டும் ஏன் வெடிக்கிறது?

கேள்வி: ஐயா, மியான்மரின் மோல்மேனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சோலார் பேனலை இணையாகப் போட்டு, தொடராக வைத்த மூன்று 12 வோல்ட் பேட்டரிகளைச் சார்ஜ் செய்ய, வோல்டேஜைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் பக்-பூஸ்ட் சர்க்யூட் கட்டினேன். ஒரு காயில், ஒரு டயோடு, கரண்டை வேகமாகப் போட்டு அணைக்கும் சுவிட்சாக ஒரு ஐஆர்எஃப் 3205 மாஸ்ஃபெட். வெயில் ஏறியதும் மாஸ்ஃபெட் வெடிக்கிறது. அதன் சூட்டை வாங்கும் ஹீட்சிங்க் தகடு சூடாவதே இல்லை. கடைக்காரர் இன்னும் நான்கு சேர்த்துப் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. காசு கடைக்காரருக்குப் போகும், நான்கும் சேர்ந்து வெடிக்கும். ஹீட்சிங்க் ஆறிக் கிடக்கும்போதே மாஸ்ஃபெட் போகிறது என்றால், அதைக் கொல்வது வோல்டேஜ். இந்த வகை சர்க்யூட்டில் மாஸ்ஃபெட் அணைந்திருக்கும்போது பேனல் வோல்டேஜும் பேட்டரி வோல்டேஜும் கூடி அதன்மேல் விழும். உங்கள் பேனல் 45 வரை போகும், சார்ஜ் ஏறும் பேட்டரி 43. மொத்தம் 88. ஐஆர்எஃப் 3205 தாங்குவது 55 வோல்ட்தான். ‘110 ஆம்பியர்’ என்று சொல்லி விற்பவர் இந்த 55-ஐ வாய் திறந்து சொல்ல மாட்டார்.

இதோடு, மாஸ்ஃபெட்டுக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவே நீளக் கம்பி இருந்தால், அணையும் நொடியில் இன்னும் 30, 40 வோல்ட் குத்தும். கம்பியைக் குட்டையாக்கி, ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்றைப் பக்கத்திலேயே வையுங்கள். 150 வோல்ட் தாங்கும் ஐஆர்எஃப்பி 4115 வாங்குங்கள். டயோடும் அதே அளவு தாங்க வேண்டும்.

மாஸ்ஃபெட்டுகளை இணையாகச் சேர்ப்பது ஒரே இடத்தில் உதவும்: அரைமணி ஓடி, ஹீட்சிங்க் கொதித்து, அதன்பிறகு போனால். அப்போதும் ஒவ்வொன்றின் கேட்டுக்கும் (அதை இயக்கும் கால்) தனித்தனியாக 10 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். ஒரே ரெசிஸ்டரில் எல்லாவற்றையும் கட்டினால் ஒன்றோடொன்று அதிர்ந்து எல்லாமே போகும். திரும்பவும் சொல்கிறேன், சூட்டில் போனால் மட்டும். உங்களுடையது அதுவல்ல.

அடுத்த பயம் போலிச் சரக்கு. நல்ல பாகம் முறையாக வரும் வழியை அரசு உரிமம், சுங்கம் என்று அடைத்துவிட்டால், எழுத்தைச் சுரண்டி மறுபடி அச்சடித்த சரக்கு தரகர் பையில்தான் வரும். கரண்டையாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? ஆகவே 4115-ஐக் கடையிலேயே சோதியுங்கள். கரண்ட் வெளியேறும் காலான சோர்ஸை 12 வோல்ட் பேட்டரி மைனஸில் கட்டுங்கள். 60 வாட் ஹெட்லைட் பல்பு வழியாக, கரண்ட் நுழையும் காலான டிரெயினை பிளஸில் கொடுங்கள், கேட்டையும் பிளஸில் தொடுங்கள். பல்பு எரியும்போது டிரெயின், சோர்ஸ் கால்களை மீட்டரில் அளந்தால் 55 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். நூறைத் தாண்டினால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

மாட்டும்போது முதலில் பேட்டரி, ஃபியூஸோடு, பிறகு பேனல். கழற்றும்போது பேனல் முதலில். பேனல் ஓடிக்கொண்டிருக்கையில் பேட்டரி கிளிப் நழுவினால் வெளியேறும் வோல்டேஜ் தறிகெட்டு ஏறி, 150 வோல்ட் மாஸ்ஃபெட்டையும் முடித்துவிடும். கிளிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு போல்ட் வைத்து முறுக்குங்கள்.