வலி எங்கே என்று ஸ்பானிஷில் கேட்க

கேள்வி: செவிலியர் படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறேன். ஸ்பானிஷ் பேசும் நோயாளிகளோடு பணியாற்ற விருப்பம். உறுப்புகள், நோய்கள், மருந்துகள் என்று நூற்றுக்கணக்கான சொற்களை எழுதிவைத்து மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ‘உட்காருங்கள்’, ‘அசையாதீர்கள்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாக்கு நின்றுவிடுகிறது. கட்டளையில் ஒரே வினை நான்கு விதமாக வருகிறது. எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, அந்தச் சொற்பட்டியலைச் சில வாரங்களுக்கு மூடிவையுங்கள். கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் ஸ்பானிஷ் பெயர் தெரிந்திருப்பதைவிட, வலியைப் பற்றி ஒரு கேள்வி முழுதாகக் கேட்கத் தெரிந்திருப்பது நோயாளிக்கு உதவும். அந்தக் கேள்வியைக் கற்பதில் தமிழர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. நம்மில் பலர் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகக் கற்பதால் அதை இழந்துவிடுகிறோம்.

‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதற்கு ஸ்பானிஷில் ‘மே துவேலே லா கபேஸா’. ‘மே’ என்றால் எனக்கு. ‘துவேலே’ வலிக்கிறது. ‘லா கபேஸா’ தலை. ‘என் தலை’ என்று அவர்களும் சொல்வதில்லை, நாமும் சொல்வதில்லை. வலிப்பது தலை, வலி எனக்கு. இரண்டு மொழியும் இதை ஒரே மாதிரி பார்க்கின்றன. கண்கள் என்று பன்மை வந்தால் ‘வலிக்கின்றன’ என்று எழுதுகிறோம் அல்லவா? அங்கும் ‘மே துவேலென் லோஸ் ஓஹோஸ்’ என்று வினை பன்மைக்கு மாறும். நோயாளியிடம் கேட்கும்போது ‘மே’ இருந்த இடத்தில் ‘உங்களுக்கு’ என்ற பொருளில் ‘லே’ வரும்: ‘தோந்தே லே துவேலே?’ – உங்களுக்கு எங்கே வலிக்கிறது? இதை ஆங்கிலத்தில் யோசித்து மாற்றாதீர்கள். தமிழில் யோசித்தாலே சரியாக வந்துவிடும்.

காய்ச்சலுக்கு மட்டும் தமிழ் வழி காட்டாது. ‘எனக்குக் காய்ச்சல்’ என்பதை அப்படியே வைத்தால் தவறு. காய்ச்சலும் இருமலும் அவர்களுக்கு ‘வைத்திருக்கும்’ பொருள்கள். ‘தெங்கோ ஃபியெப்ரே’, ‘தெங்கோ தோஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி உங்களை உண்மையாகவே தடுத்து நிறுத்தும் கட்டளைக்கு வருவோம். நான்கு வடிவங்களையும் ஒரே நேரத்தில் கற்காதீர்கள். ‘நீ’ என்று சொல்லும் வடிவத்தை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, ‘நீங்கள்’ வடிவத்தை, அதாவது ‘உஸ்தேத்’ வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத பெரியவரிடம் அதுதான் மரியாதை. அர்ஜென்டினாவில் ‘நீ’க்கு ‘வோஸ்’ என்ற வேறு சொல்லும் வேறு கட்டளை வடிவமும் உண்டு. மரியாதை வடிவத்தில் அந்தத் தொல்லையும் இல்லை.

அதன் விதி சிறியது. அகராதியில் ‘ஆர்’ என்று முடியும் வினை மரியாதைக் கட்டளையில் ‘ஏ’ என்று முடியும். ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடிபவை ‘ஆ’ என்று முடியும். ‘ரெஸ்பிரார்’ என்பது ‘ரெஸ்பீரே ஓந்தோ’ ஆகும்: ஆழமாக மூச்சு விடுங்கள். ‘தொசேர்’ என்பது ‘தோசா’: இருமுங்கள். ‘அப்ரீர்’ என்பது ‘ஆப்ரா லா போகா’: வாயைத் திறங்கள். இங்கும் ‘உங்கள் வாயை’ இல்லை என்பதைக் கவனியுங்கள். விதிக்கு அடங்காதவை சில உண்டு. அவற்றில் ‘தீகா’ (சொல்லுங்கள்), ‘வெங்கா’ (வாருங்கள்) இரண்டும் முதல் நாளே தேவைப்படும்.

‘செய்யாதீர்கள்’ என்பதற்குப் புதிய வடிவம் எதுவும் வேண்டாம். முன்னால் ‘நோ’ சேர்த்தால் போதும்: ‘ரெஸ்பீரே’, ‘நோ ரெஸ்பீரே’. மரியாதை வடிவத்தை முதலில் கற்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்; ‘நீ’ வடிவமோ எதிர்மறையில் உருமாறிவிடும். உட்காருதல், படுத்தல், அசைதல் போன்ற வினைகளில் மட்டும் ‘சே’ என்ற ஒட்டு இடம் மாறும். செய்யச் சொன்னால் வினையின் வாலில் ஒட்டும், தடுத்தால் வினைக்கு முன்னே வந்து நிற்கும். ‘அகுவெஸ்தெசே’ – படுங்கள். ‘நோ சே முவேவா’ – அசையாதீர்கள்.

நீங்கள் குறிப்பிட்ட ‘உட்காருங்கள்’ உண்மையிலேயே சிக்கலானதுதான். ‘சியெந்தெசே’ என்றால் உட்காருங்கள். ‘கோமோ சே சியெந்தே?’ என்றால் எப்படி உணர்கிறீர்கள்? இரண்டும் வேறு வேறு வினைகளில் பிறந்து ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. தனித்தனியாக மனப்பாடம் செய்தால் குழப்பம் தீராது. நாற்காலியைக் காட்டியபடி முதலாவதையும், நோயாளியின் முகத்தைப் பார்த்து இரண்டாவதையும் சொல்லிப் பழகுங்கள்.

பயிற்சியை நோட்டுப் புத்தகத்தில் செய்வதைவிட உடம்பால் செய்வது நல்லது. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் முன்வைத்த கற்பித்தல் முறை இதுதான்: கட்டளையைக் கேட்டு உடலால் செய்துகாட்டு, பேச்சு பிறகு வரட்டும். மருத்துவப் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியாது. தோழி ஒருவர் நோயாளியாக இருக்கட்டும். நீங்கள் தவறாகச் சொன்னால் அவர் அசையக் கூடாது.

அப்படியும் நாக்கு நின்றால் ஒரு மாற்றுவழி இருக்கிறது. ‘புவேதே’ (முடியுமா) என்று தொடங்கி, அகராதியில் உள்ள வினையை மாற்றாமல் போடுங்கள்: ‘புவேதே லெவந்தார் எல் பிராசோ?’ – கையைத் தூக்க முடியுமா? கட்டளை வடிவமே தேவையில்லை. கேட்பவருக்கும் இதமாக இருக்கும். அதேபோல் ‘வோய் ஆ’ என்று தொடங்கினால் நீங்கள் செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லலாம்: ‘வோய் ஆ தொமார்லே லா பிரெசியோன்’ – ரத்த அழுத்தம் பார்க்கப்போகிறேன். ஸ்பெயினில் ‘பிரெசியோன்’ இருக்கும் இடத்தில் ‘தென்சியோன்’ என்பார்கள். சொல்லாமல் கை வைத்தால் யாரும் அஞ்சுவார்கள், மொழி புரியாத இடத்தில் இன்னும் அதிகமாக. ஆகவே இந்தத் தொடரை நான் கட்டளைகளுக்கும் மேலாக வைப்பேன்.

ஒன்றில் மட்டும் துணிய வேண்டாம்: மருந்தளவு. ‘காதா தோஸ் ஓராஸ்’ என்றால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை. ‘காதா தோசே ஓராஸ்’ என்றால் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஓர் உயிரொலிதான் வேறுபாடு. 60க்கு ‘செசெந்தா’, 70க்கு ‘செதெந்தா’. எண்ணை இலக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். பிறகு ‘மே லோ புவேதே ரெபெதீர்?’ என்று கேட்டு நோயாளியையே திருப்பிச் சொல்லவையுங்கள். மருந்தளவு, ஒவ்வாமை, அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் இவை மூன்றுக்கும் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அழைப்பது உங்கள் கடமை, உங்கள் ஸ்பானிஷ் எவ்வளவு தேறியிருந்தாலும். நோயாளியோடு வந்த பிள்ளையை அந்த வேலைக்கு நிறுத்தாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வரும்வரை அருகில் நின்று சொல்ல ஒரு வரி: ‘ஆஓரா வியெனே எல் இந்தெர்ப்ரெதே’ – மொழிபெயர்ப்பாளர் இதோ வருகிறார்.