புது பெட்ரோல் டேங்க்கை அப்படியே மாட்டலாமா, கழுவிட்டு மாட்டணுமா?

கேள்வி: கார்புரேட்டர் மாடல் மாருதி 800 வச்சிருக்கேன் சார். பழைய டேங்க் அடியில துருப்பிடிச்சு ஒழுகுனதால சென்னை ஜி.பி. ரோட்டுல புது இரும்பு டேங்க் வாங்கிட்டேன். உள்ள எண்ணெய் பிசுக்கா இருக்கு, ஆட்டுனா ஏதோ பொடி உருள்ற சத்தம் கேக்குது. மெக்கானிக் புதுசுதானே அப்படியே மாட்டலாம்ங்கறார், பக்கத்து வீட்டு அண்ணன் ஷாம்பு தண்ணி ஊத்திக் கழுவச் சொல்றார். எது சரி?

பதில்: ரெண்டும் வேணாங்க. அந்த பிசுக்கு துருப்பிடிக்காம இருக்க கம்பெனிலயே அடிச்சு விடுற எண்ணெய், அது பெட்ரோல்ல கரைஞ்சு போயிரும், பயமில்ல. சத்தம் போடுற பொடிதான் ஆபத்து, பெரும்பாலும் வெல்டிங் தெறிச்ச துணுக்கு, தகடு வெட்டுன இரும்புத் தூள். உங்க கார்புரேட்டர்ல பெட்ரோல் போற மெயின் ஜெட் ஓட்டையே சுமார் 1 மி.மீ.தான், வண்டி நிக்கும்போது இன்ஜினுக்கு பெட்ரோல் குடுக்குற ஐடில் ஜெட் அதுலயும் பாதி. ஒரு துணுக்கு போய் உக்காந்தாலும் சிக்னல்ல வண்டி ஆஃப் ஆகிட்டே இருக்கும்.

தண்ணி மட்டும் ஊத்தவே ஊத்தாதீங்க. தகடு மடிச்ச ஜாயிண்ட்டுலயும் உள்ள இருக்குற தடுப்புத் தகட்டுக்கு அடியிலயும் நிக்கிற ஈரம் நீங்க எவ்வளவு வெயில்ல கவுத்தி வச்சாலும் லேசுல காயாது, எண்ணெயையும் ஷாம்பு எடுத்துட்டதால வெறும் இரும்புல சீக்கிரமே செந்துரு படிஞ்சிரும். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கு, அது தண்ணிய இழுக்கும், தண்ணி ரொம்ப சேந்தா எத்தனாலும் தண்ணியும் தனியா பிரிஞ்சு அடியில போய் நிக்கும். ஆசிட், டாய்லெட் கிளீனர்னு யாராவது சொன்னா அதுவும் வேணாம், உள்பூச்சு இருந்தா உரிஞ்சிரும்.

மொதல்ல பெட்ரோல் அளவு காட்டுற மீட்டர் யூனிட் போற ஓட்டை வழியா எல்இடி டார்ச் அடிச்சுப் பாருங்க (லைட்டர், தீக்குச்சி எல்லாம் கிட்டயே வரக்கூடாது). பேக்கிங் பிளாஸ்டிக் மூடி, தெர்மாகோல் துண்டு கூட சில சமயம் உள்ள கிடக்கும். நீள கம்பி மேக்னட்ட விட்டு மூலை மூலையா துழாவுங்க, இரும்புத் தூள் முள்ளு முள்ளா ஒட்டிக்கிட்டு வரும், துடைச்சுட்டு திரும்ப விடுங்க, சுத்தமா வர்ற வரைக்கும். அப்புறம் பெயின்ட் கடையில கிடைக்கிற மினரல் டர்பன்டைன் ரெண்டு லிட்டர் ஊத்தி, எல்லா ஓட்டையும் அடைச்சு, நாலா பக்கமும் நல்லா உருட்டி ஆட்டி, ஒரு வெள்ளைத் துணிய வடிகட்டியா வச்சு வடிங்க. துணியில பொடி நின்னா அதே டர்பன்டைன திரும்ப ஊத்தலாம். துணி சுத்தமா வந்தாதான் வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

நேரா பெட்ரோலே ஊத்தலாமேன்னு கேப்பீங்க. பெட்ரோல் ஆவி சாதாரண வெயில்லயே தீப்பிடிக்கிற அளவு கெளம்பும், காத்தை விட கனமானதால தரையோட தவழ்ந்து தூரத்துல இருக்குற கேஸ் அடுப்பு வரைக்கும் போகும். அதனால கடைசியா அரை லிட்டர் பெட்ரோல் ஊத்தி அலசுனா போதும், அதையும் வெட்டவெளியில வச்சுதான் செய்யணும். வேக்குவம் கிளீனர் எக்காரணம் கொண்டும் வேணாம், மோட்டார் பொறி பட்டு ஆவி வெடிச்சிரும். கம்ப்ரஸர் காத்து அடிக்கிறதா இருந்தா அதை டர்பன்டைன் ஊத்துறதுக்கு முன்னாடியே முடிச்சிருங்க, அதுவும் கம்ப்ரஸர் சிலிண்டர்ல தேங்குன தண்ணிய வடிச்சுட்டு, டேங்க்க அடைக்காம லேசா அடிங்க.

மாட்டும்போது மீட்டர் யூனிட்டுக்கு புது கேஸ்கெட் போடுங்க, சாதா சிலிகான் பேஸ்ட் வேணாம், பெட்ரோல்ல ஊறி பிஞ்சு பம்புக்குப் போகும். பழைய ரப்பர் ஹோஸயும் மாத்திருங்க, எத்தனால் பெட்ரோலுக்கு அது தாங்காது, தவிர பழைய டேங்க்ல இருந்த துரு அந்த லைன்லதான் நிக்குது, டேங்க்க மட்டும் கழுவிட்டு லைன விட்டா பலன் இல்ல. ஃபில்டர் புதுசா, உள்ள தெரியுற மாதிரி கண்ணாடி டைப்பா போடுங்க. மொத தடவை அஞ்சு லிட்டர் மட்டும் போட்டு ஒழுகுதான்னு பாத்துட்டு, ஒரு 500 கிலோமீட்டர் ஓடுனதும் ஃபில்டர ஒருதரம் மாத்துங்க. அலசி வடிச்சத சாக்கடையில ஊத்தாம, பழைய ஆயில் எடுக்குற ஒர்க்‌ஷாப்ல கேட்டு குடுத்துருங்க.