கேளுங்கள் டீச்சர்: பள்ளிக்கூடத்தில் பாதிரியாருக்கு என்ன வேலை?

(பதில் சொல்பவர் திருத்துறைப்பூண்டி பக்கத்தில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்)

என் மகன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் இருக்கிறான். பேரன் அரசுப் பள்ளியில் ஐந்தாவது. அங்கே சர்ச் சார்பில் ஒருவர் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவாராம். 'சாப்பி' என்கிறான். அரசாங்கமே அதற்குப் பணம் கொடுக்கிறதாம். நாங்கள் சைவக் குடும்பம். பேரனை அவரோடு பேச விடலாமா? அரசுப் பள்ளியில் இப்படி ஒருவரை வைப்பது சரியா?
– ஒரு தாத்தா, குத்தாலம்

பயப்படாதீர்கள் ஐயா. மத ஊழியரைக் குறிக்கும் 'சாப்ளின்' என்ற சொல்லைத்தான் அங்கே பிள்ளைகள் செல்லமாகச் சாப்பி என்கிறார்கள். 2006இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் அறிவித்த திட்டம் இது. ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் வரை கொடுத்தார்கள். வீட்டில் சண்டை, சாவு, புது ஊர், கூடப் படிப்பவர்களின் கேலி என்று மனசு வாடி வரும் பிள்ளைக்குப் பேச்சுத்துணையாக இருப்பதுதான் சாப்ளின் வேலை. மதம் பரப்பக் கூடாது என்று திட்டத்தின் விதியே சொல்கிறது. பேரன் பேசட்டும். என்ன பேசினான் என்று மகன் இரவுச் சாப்பாட்டின்போது சாதாரணமாகக் கேட்டுக்கொண்டால் போதும்.

ஆனால் சரியா என்று கேட்டீர்களே, சரியில்லை என்பதுதான் என் எண்ணம். பிள்ளை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் வேலைக்குப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். ஒரு மத அமைப்பின் பரிந்துரை இருந்தால்தான் சேரலாம் என்றால், அதே பயிற்சி பெற்ற, எந்த மதத்தையும் சாராத ஒருவருக்கு அந்த வேலை ஏன் கிடைக்கக் கூடாது? 2014இல் ஆஸ்திரேலிய அரசாங்கம், மதம் சாராத ஊழியரை வைத்துக்கொள்ள இருந்த வாய்ப்பையே எடுத்துவிட்டது. பிரிஸ்பேனுக்கு மேற்கே துவூம்பாவில் வில்லியம்ஸ் என்ற தகப்பன் இந்தத் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2012, 2014 என்று இரண்டு முறையும் அவர் பக்கமே தீர்ப்பு. ஆனால் மதத்தை வைத்து ஜெயிக்கவில்லை. மத்திய அரசு இந்த வழியில் பணம் கொடுக்க அதிகாரம் இல்லை என்றுதான் நீதிபதிகள் சொன்னார்கள். அப்புறம் பணம் மாநில அரசுகள் வழியாகப் போனது, சாப்ளின்கள் இருந்தார்கள். 2023இல் திட்டத்தின் பெயரையே மாற்றி, சாப்ளினா, மதம் சாராத மாணவர் நல அலுவலரா என்பதைப் பள்ளியே முடிவு செய்துகொள்ள விட்டார்கள். பேரனின் பள்ளி ஏன் சாப்ளினை வைத்திருக்கிறது என்று மகன் தாராளமாகக் கேட்கலாம்.

மத ஊழியர்கள் மேல் எனக்கு எந்த வெறுப்பும் கிடையாது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் பள்ளிதான் முகாம். பங்குச் சாமியார் அரிசி மூட்டையோடு வந்தார். ஜமாத்துக்காரர்கள் தார்ப்பாய் கொண்டுவந்து இறக்கினார்கள். யாரும் யாரையும் என்ன சாமி என்று கேட்கவில்லை. எட்டாவது படித்த ஒரு பெண், வீட்டுக் கூரை சரிந்ததைக் கண்ணால் பார்த்தவள், பள்ளி திறந்த பிறகும் காற்று கொஞ்சம் வேகமாக வீசினால் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். சாமியார் கூப்பிட்டுப் பேசினார், நானும் பேசினேன். ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் சத்துணவுக் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சமையல்காரம்மாவிடம்தான், "அக்கா, மறுபடியும் வருமா?" என்று கேட்டாள். அந்த அம்மா ஒரு கட்டுக் கீரையை அவள் மடியில் போட்டு, "நீயும் ஆய், பேசிக்கிட்டே இருப்போம்" என்றார். மனநல ஆலோசகர் ஒருவர் கொஞ்ச நாள் வந்தார், அப்புறம் நின்றுபோனது. அந்தப் பிள்ளைக்கு வாரம் தவறாமல் வரும் ஒரு ஆலோசகர் வேண்டியிருந்தது. இன்றைக்கும் நம் பள்ளிகளில் அந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறதே என்று எனக்கு வயிறு எரிகிறது. அரசாங்கம் ஆள் போடாத இடத்துக்கு யாராவது ஒருவர் வரத்தான் செய்வார்.

மகள் அரசு உதவிபெறும் கிறிஸ்தவப் பள்ளியில் படிக்கிறாள். ஜெபத்தில் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டுமா?
– ஒரு தாய், நாகப்பட்டினம்

வேண்டாம். அரசியலமைப்புச் சட்டம் 28(3)இன்படி, பெற்றோர் சம்மதம் இல்லாமல் அங்கே மத போதனையிலோ வழிபாட்டிலோ சேர்க்க முடியாது. விருப்பமில்லை என்று தலைமையாசிரியைக்கு மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்கும் மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கும் போவது இந்தப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் பழைய ஏற்பாடுதான். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய காலம் தொட்டு மிஷன் பள்ளிகள் நம் பிள்ளைகளுக்கு எழுத்துக் கொடுத்திருக்கின்றன. அந்த நன்றியோடே எழுதுங்கள்.

பொதுத்தேர்வுக்கு முன் எங்கள் அரசுப் பள்ளிக்கு ஒரு ஆன்மிகப் பேச்சாளரை அழைக்கலாம் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுகிறார்கள். நானும் உறுப்பினர். என்ன சொல்லட்டும்?
– ஒரு தகப்பனார், மன்னார்குடி

கூடாது என்று சொல்லுங்கள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை இல்லை என்கிறது 28(1). 2024இல் சென்னையில் என்ன நடந்தது என்று குழுவுக்கு ஞாபகப்படுத்துங்கள். அரசுப் பள்ளிக்கு அழைத்துவந்த பேச்சாளர், உடல் குறையோடு பிறப்பது போன பிறவியின் பலன் என்று பேச, பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே தட்டிக் கேட்டார். பேச்சாளர் பிறகு கைதானார். அந்தப் பேச்சைக் கால் நடக்க முடியாத ஒரு பிள்ளை கேட்டால் அதன் மனசு என்ன பாடு படும்!

பக்தி வீட்டோடு இருக்கட்டும். பேனாவைக் கூத்தனூர் சரஸ்வதி சன்னதியில் வைத்து வாங்கி வாருங்கள். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிறவர்கள் போகட்டும். பள்ளிக்கு யாரையாவது அழைப்பதென்றால் மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். தேர்வு பயத்தில் தூக்கம் வராமல் தவிக்கும் பிள்ளைகளை அங்கிருந்து வருபவர் தனித்தனியாகப் பார்க்க ஒரு அறையும் ஒதுக்குங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417ஐ எல்லா வகுப்புக் கரும்பலகையின் ஓரத்திலும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். குழு மறுத்தால், உங்கள் எதிர்ப்பைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.