கடலை மட்டுமே வரையும் பையனை எங்கே சேர்ப்பது?

அம்மா, பிளஸ் டூ படிக்கிற பையன் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, கரையே தெரியாத நடுக்கடலைத் தாள் தாளாக வரைகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். கடல் ஓவியம் விற்று மட்டும் பிழைப்பவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் கடலை வரையப் பழகிய கைக்கு வேலை உண்டு.

அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அலையின் உச்சியில் தண்ணீர் மெலிந்து வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் பச்சை வைத்திருக்கிறான். நுரையின் நிழலுக்குச் சாம்பல் கலந்த நீலம். உற்றுப் பார்க்காதவனுக்கு இது வராது. குறை என்றால், எல்லா அலையும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. தொடுவானத்தை நெருங்க நெருங்க அலைகள் சிறுத்து நெருக்கமாகத் தெரிய வேண்டும். அது பயிற்சியில் சரியாகிவிடும்.

அவன் சொல்லும் கடல் ஓவியர் ஐவசோவ்ஸ்கி 1817-ல் கிரிமியாவின் பியோதோசியா துறைமுகத்தில் பிறந்தவர். அசையும் அலையை நேரில் பார்த்து வரைய முடியாது என்று, அறைக்குள் நினைவிலிருந்தே வரைந்தார். 1850-ல் வரைந்த ‘ஒன்பதாம் அலை’ மூன்று மீட்டருக்கு மேல் அகலம். அப்படியானால் வகுப்பு எதற்கு என்பான் உங்கள் பையன், விடாதீர்கள்! பீட்டர்ஸ்பர்க் கலைக் கழகத்தில் முறையாகப் படித்த பிறகுதான் அவர் ரஷ்யக் கடற்படையின் ஓவியரானார்.

சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் நான்காண்டு பி.எஃப்.ஏ. (கவின் கலை இளங்கலை) படிப்பு இருக்கிறது. பிளஸ் டூ போதும், செய்முறைத் தேர்வு உண்டு. ஓவியப் பிரிவுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் சேர்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால், விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் (காட்சித் தொடர்பு வடிவமைப்பு) பிரிவை எடுத்தால் வேலை சீக்கிரம் கிடைக்கும். அனிமேஷன், வீடியோ கேம் கம்பெனிகளில் பின்னணிக் காட்சி வரைய ஆள் தேவைப்படுகிறது. தண்ணீரையும் வெளிச்சத்தையும் நம்பும்படி வரைகிறவனுக்கு அங்கே மதிப்பு. டிஜிட்டலில் வரையும் பழக்கத்தை மட்டும் இப்போதே தொடங்கட்டும்.

கல்லூரியின் செய்முறைத் தேர்வில் கடலை மட்டும் வரைந்தால் போதாது, மனித உருவமும் பொருள்களும் கை வந்திருக்க வேண்டும். தூத்துக்குடியில்தானே இருக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய துறைமுகப் பக்கம் கூட்டிப் போங்கள். தோணியையும் சுமை ஏற்றுகிறவர்களையும் பென்சிலில் வரையட்டும். அலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.