'நீ என்ன வேலை பார்க்கிறாய்?' – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். சென்ற வாரம் நீங்கள் எழுதிய குறிப்பில், 'இத்தாலியில் தொழில்சார் மருத்துவத்தை வளர்த்தவர்கள் டாக்டர்களைவிடத் தொழிலாளர்கள்தான்' என்று ஒரு வரி வந்தது. டிப்ளமாவில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. ரமஸ்ஸினி என்ற டாக்டர்தான் இந்தத் துறையின் தந்தை. பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. மருத்துவம் படிக்காத தொழிலாளி எப்படி ஒரு மருத்துவத் துறையை வளர்ப்பார்? என் அனுபவத்தில் ஹெல்மெட் போடச் சொன்னாலே கேட்கமாட்டார்கள். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு எழுதிவிட்டீர்களோ?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

கொஞ்சம் மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுசாக வாபஸ் வாங்க மாட்டேன். உங்கள் இரண்டு மார்க் ரமஸ்ஸினியிடமிருந்தே தொடங்குகிறேன்.

பெர்னார்தினோ ரமஸ்ஸினி 1633-ல் கார்ப்பியில் பிறந்தவர், மொதெனாவில் டாக்டர். அந்த ஊரில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீடுகளின் மலக்குழியைச் சுத்தம் செய்வது வழக்கம். அவர் வீட்டுக் குழிக்குள் இறங்கிய ஆள் பேய் பிடித்தவன்போல அவசர அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தான். பார்க்கப் பாவமாக இருந்திருக்கிறது. ஏனப்பா இப்படிப் பறக்கிறாய், மெதுவாகச் செய்யக்கூடாதா என்று கேட்டார். அவன் குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்துச் சொன்ன பதிலின் சாரம் இது: இங்கே நாலு மணி நேரத்துக்குமேல் இருந்தால் என்ன ஆகும் என்று அனுபவிக்காதவர்களுக்குத் தெரியாது, கண் போய்விடும். மேலே ஏறி வந்தபிறகு ரமஸ்ஸினி அவன் கண்களைப் பார்த்தார். சிவந்து, மங்கிப்போயிருந்தன. இதற்கு என்ன வைத்தியம் செய்துகொள்கிறீர்கள் என்றார். நேராக வீட்டுக்குப் போய், இருட்டறையில் அடைந்துகொண்டு, மறுநாள்வரை வெதுவெதுப்பான நீரில் கண்ணைக் கழுவிக்கொண்டிருப்போம் என்றான். அதற்குப் பிறகுதான், ஊரில் பிச்சையெடுக்கும் பார்வையிழந்தவர்களில் பலர் இதே வேலை பார்த்தவர்கள் என்பது அவருக்குக் கண்ணில் பட்டது.

குழிக்குள் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு கண்ணைப் புண்ணாக்கும் என்று இன்று நமக்குத் தெரியும். அவருக்கு அந்த வேதியியல் கிடையாது. இருந்தும் விலங்கின் சிறுநீர்ப்பையை முகத்தில் கட்டிக்கொள்ளச் சொன்னார், அதன் ஊடாகப் பார்க்க முடியும் என்பதால். முகக்கவசத்துக்கு மூதாதை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1700-ல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி லத்தீனில் புத்தகம் போட்டார். நாற்பதுக்கு மேற்பட்ட தொழில்கள்: பாதரசத்தால் முலாம் பூசுபவர், ஈயப்பூச்சில் கை நடுங்கும் குயவர், மருத்துவச்சி. 1713 பதிப்பில் இன்னும் பன்னிரண்டு, குனிந்தே எழுதும் குமாஸ்தா உட்பட. ஏழை வீட்டுக்குப் போகும் டாக்டர் முக்காலியையும் பொன் நாற்காலியாக நினைத்து உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்றும், பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரடிஸ் கேட்கச்சொன்ன கேள்விகளோடு 'நீ என்ன வேலை பார்க்கிறாய்?' என்பதையும் சேர்க்க வேண்டும் என்றும் எழுதினார். அந்தக் கேள்வி அவருடையதுதான், அந்தப் பெருமை டாக்டருக்கே. ஆனால் நாலு மணி நேரம் என்ற வரம்பைச் சொன்னது யார்?

அடுத்த இருநூறு வருடத்தை விரைவாகக் கடக்கிறேன். சுவிட்சர்லாந்தில் ரயில் பாதைக்காகக் கோட்ஹார்ட் மலையைக் குடைந்த தொழிலாளர்கள், பெரும்பாலும் இத்தாலியர்கள், ரத்தசோகையில் விழுந்தார்கள். 1880-ல் தூரின் நகரத்துப் பெர்ரொன்சித்தோ என்ற ஆய்வாளர் அது குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவின் வேலை என்று காட்டினார். 1898-ல் விபத்துக் காப்பீடு கட்டாயமானது. 1910-ல் லுயீஜி தெவோத்தோ என்ற டாக்டரின் முயற்சியால் மிலானில் தொழில் நோய்களுக்கென்றே ஒரு மருத்துவமனை திறந்தது. உலகத்திலேயே அதுதான் முதல். இதெல்லாம் டாக்டர்களும் ஆய்வாளர்களும் அரசும் செய்தவை, மறுக்கவில்லை.

என் வரி பிறந்தது தூரின் பக்கத்திலிருக்கும் சிரியே என்ற சிற்றூரில். அங்கே அனிலின் என்ற வேதிப்பொருளிலிருந்து சாயம் செய்யும் இப்கா என்ற தொழிற்சாலை இருந்தது. வேலை பார்த்தவர்களின் சிறுநீரில் ரத்தம் வரும், அப்புறம் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். அனிலின் சாயத்துக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை லுட்விக் ரென் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1895-லேயே சொல்லிவிட்டார். ஆக, மருத்துவத்துக்குத் தெரியும். சிரியேயில் சாயத்தொட்டி பக்கத்தில் நின்றவனுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

1960களின் கடைசியில் அல்பீனோ ஸ்தெல்லா, பெனீத்தோ ஃபிரான்சா என்ற இரண்டு தொழிலாளர்கள், இருவருமே நோயாளிகள், ஒரு காரியம் செய்தார்கள். கல்லறைத் தோட்டத்திலும் பதிவேடுகளிலும் தேடி, இப்காவில் வேலை பார்த்துச் செத்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டார்கள். யார், எத்தனை வயதில், எதனால். அந்தப் பட்டியலைத் தொழிற்சங்கத்துக்கு எடுத்துப்போனார்கள். 1977-ல் தூரின் நீதிமன்றம் தொழிற்சாலையின் பொறுப்பாளர்களைத் தண்டித்தது. இறந்தவர்களை எண்ணி, வயதையும் காரணத்தையும் எழுதி, வேலையோடு பொருத்திப் பார்ப்பதற்குப் பல்கலைக்கழகத்தில் நோய்ப்பரவலியல் என்று பெயர். இவர்கள் அதை உடம்பில் வியாதியோடு, கையில் பேனாவோடு செய்தார்கள்.

அதே காலத்தில், அதே தூரினில் ஈவார் ஒத்தோனே இருந்தார். போர்க்காலத்தில் பார்ட்டிசானாக, அதாவது பாசிஸ்டுகளை எதிர்த்த மறைமுகப் படை வீரராக இருந்தவர், மருத்துவர். சங்கத்துக்காரர்களோடு சேர்ந்து ஒரு முறையை உண்டாக்கினார். ஒரே இடத்தில் ஒரே வேலை செய்யும் குழு உட்கார்ந்து, தங்களைத் தொந்தரவு செய்வது எது என்று தாங்களே பேசி முடிவு செய்ய வேண்டும். ஆபத்துகளை நாலாகப் பிரித்தார்கள்: வீட்டிலும் இருக்கும் வெளிச்சம், சத்தம், வெப்பம் முதலியவை; தொழிற்சாலைக்கே உரிய தூசியும் புகையும்; உடல் அசதி; நாலாவதாக, மாறாத வேகம், சலிப்பு, பதற்றம். இந்த நாலாவதை எந்த அளவுமானியும் காட்டாது, செய்கிறவன்தான் சொல்ல வேண்டும். டாக்டர் வரலாம், அளக்கலாம். ஆனால் முடிவை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகக்கூடாது. இன்னொன்று, ஆபத்தான வேலைக்குத் தரும் கூடுதல் படி வேண்டாம், ஆபத்தை எடுத்துவிடுங்கள் என்றார்கள். 'ஆரோக்கியம் விற்பனைக்கு இல்லை' என்பதுதான் அவர்கள் கோஷம். படியை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும் என்பது சம்பளம் வாங்குகிற நமக்குத் தெரியும். இத்தாலியின் 1970-ன் 300-ம் எண் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு, பாதுகாப்பு விதிகள் நடைமுறையில் இருக்கின்றனவா என்று பார்க்கும் உரிமையைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குக் கொடுத்தது.

உங்கள் ஹெல்மெட் விஷயத்தில் ஒத்தோனே என்ன செய்திருப்பார்? ஏன் போடுவதில்லை என்று அந்த ஷிப்டையே உட்காரவைத்துக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நீங்கள் கேட்டீர்களா? குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான்.

சரி, என் வரி எங்கே மிகை? கசாலே மொன்ஃபெரத்தோ என்ற இத்தாலிய ஊரில். அங்கே 1907 முதல் 1986 வரை எத்தர்னித் ஆலை ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஓடு செய்தது. அந்தத் தூசி கண்ணைக் கரிக்காது, குழியில் நின்றவனைப்போல நாலு மணி நேரத்தில் எச்சரிக்காது. நுரையீரல் உறையில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வர முப்பது நாற்பது வருடம் ஆகும். ஆலைக் கழிவுத் தூளை ஜனங்கள் வாங்கிப்போய் முற்றத்திலும் பரண்மேலும் போட்டார்கள். கணவனின் வேலை உடுப்பைத் துவைத்த மனைவிகள் செத்தார்கள். ஆலைக்குள்ளேயே போகாதவர்களும் செத்தார்கள். இங்கே அனுபவம் மட்டும் போதாது. நுண்ணோக்கியும், நாற்பது வருடக் கணக்கும், பிடிவாதமான டாக்டர்களும் வேண்டும். இத்தாலி ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது 1992-ல்தான். அதனால் 'டாக்டர்களைவிட' என்பதை 'டாக்டர்களோடு' என்று திருத்திக்கொள்கிறேன்.

போன வருடம் விடாத இருமலுக்காக ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருக்கு முழங்கைவரை சிமெண்ட் காய்ந்திருந்தது. பதிவுச்சீட்டில் பெயர், வயது, அப்புறம் 'தொழில்' என்று ஒரு கட்டம். கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலேயே 'பிரைவேட்' என்று எழுதினார். எனக்கும் அதையேதான் எழுதினார்.