சத்தம் தானாக ஏறுகிறது, கடை "செட்டிங் பிழை" என்கிறது: முழுக் காசையும் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் இருக்கிறோம். புத்தாண்டு மலிவு விற்பனையில், ஏப்ரல் 8 ஆம் திகதி, காலி வீதியில் உள்ள ஒரு கடையில் ஹோம் தியேட்டர் வாங்கினோம். ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், எல்லாம் சேர்த்து 285,000 ரூபா. பாதி காசு, பாதி கிரெடிட் கார்ட் தவணை. கடை ஆளே வந்து பூட்டினார், அதற்குத் தனியாக 7,500 ரூபா எடுத்தார்கள். இரண்டாவது கிழமையிலிருந்து சத்தம் தன்பாட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. படத்தில் கதைப்பது கேட்காது, கூட்டி வைத்தால் பாட்டு வரும்போது வீடு அதிரும். ஓர் இரவு யாரும் ரிமோட்டைத் தொடாமலே உச்சத்துக்குப் போனது. கீழ் வீட்டுக்காரர் பொலிஸுக்குச் சொல்லிவிட்டார், மாமிக்கு பிரஷர் கூடிவிட்டது. கடையிலிருந்து மூன்று தடவை ஆள் வந்தார். ஒவ்வொரு தடவையும் "பிழை இல்லை, செட்டிங்தான்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கடைசியாக முதலாளி, "பாவிக்கத் தெரியாவிட்டால் ஏன் வாங்குகிறீர்கள்?" என்று என் கணவரை ஆட்களுக்கு முன்னால் கேட்டார். முழுப் பணமும், மன உளைச்சலுக்கு நட்டஈடும் வேண்டும். தவணையை நிறுத்தலாமா? கடையின் பெயரோடு முகநூலில் போடலாமா? வாரண்டி ஒரு வருடம் இருக்கிறது. (வாசகி, கொழும்பு 6, ஜூன் 14)

பதில்: இவ்வளவு எழுதியதில் சட்டத்துக்கு முக்கியமானது ஏப்ரல் 8 என்ற திகதி. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், அதாவது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், 13 ஆம் பிரிவில் ஒரு கெடு வைத்திருக்கிறது. விற்பனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபைக்கு முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும். உங்களுக்கு அது ஜூலை 8 உடன் முடிகிறது. வாரண்டி ஒரு வருடம் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் ஆறுதலாக இருக்கிறீர்கள். வாரண்டியின் ஒரு வருடம் வேறு, முறைப்பாட்டின் மூன்று மாதம் வேறு. வாரண்டி அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எட்டாவது மாதத்தில் என்னிடம் வருபவர்கள்தான் அதிகம். அப்போது அதிகார சபையின் அலுவலகம் இருக்கும் வொக்ஸ்ஹோல் வீதிக்குப் போய்ப் பயனில்லை. மிச்சமிருப்பது புதுக்கடை நீதிமன்றம், அதற்கும் முதல் மத்தியஸ்த சபை. 285,000 ரூபா சாமானுக்கு அந்த வழி கட்டுபடியாகாது.

முதலாளி சொன்ன வார்த்தை, கீழ் வீட்டுக்காரர், மாமியின் பிரஷர் எல்லாவற்றையும் முறைப்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் மனவருத்தத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விசாரிக்கும் அதிகாரிக்கு முன்னால் இருக்கும் கேள்வி, விற்ற பொருள் விற்றவர் கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்திருந்ததா இல்லையா என்பது மட்டும்தான். ஒத்திருக்கவில்லை என்று கண்டால் நட்டஈடு, மாற்றிக் கொடுத்தல், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் என்ற மூன்றில் ஒன்றை அவர்கள் கட்டளையிடலாம். எது என்று தீர்மானிப்பது அவர்கள், நீங்கள் இல்லை. முறைப்பாட்டில் மன உளைச்சலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால், பிழையைப் பற்றி எழுதிய நாலு வரியை யாரும் கவனித்து வாசிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லிவிட்டேன் என்று நிறையப் பேர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சட்டம் எழுத்தில் என்கிறது. கடைக்காரருக்குப் போட்ட வட்ஸ்அப் குரல் பதிவுகளும் அதிகார சபைக்குச் செய்த முறைப்பாடு ஆகாது. மூன்று தடவை ஆள் வந்து போனதால் கெடு நீளவும் இல்லை. சில கடைகள் இதைத் தெரிந்தேதான் "அடுத்த கிழமை ஆள் அனுப்புகிறோம்" என்று இழுப்பார்கள். இன்னும் சில "ஏஜென்டிடம் போங்கள்" என்பார்கள், ஏஜென்ட் "வாங்கிய கடைக்குப் போங்கள்" என்பார், அப்படியே ஒரு மாதம் போய்விடும். விற்றவர் கடைக்காரர். சட்டம் உற்பத்தியாளரையும் வியாபாரியையும் சேர்த்தே சொல்கிறது. ஏஜென்ட் யார் என்று தேடுவது உங்கள் வேலை இல்லை.

சரி, இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. உங்கள் முறைப்பாடு இன்றைய நிலையில் தோற்கக்கூடும்.

காரணம், நீங்கள் இரண்டு வேறு பிரச்சினைகளை ஒன்றாகக் கலந்து எழுதியிருக்கிறீர்கள். கதைப்பது கேட்காமல் பாட்டு மட்டும் அதிர்வது பெரும்பாலும் பழுதே இல்லை. சினிமாவின் ஒலி மெல்லிய பேச்சுக்கும் பெரிய சத்தத்துக்கும் நடுவில் நிறைய இடைவெளி விட்டுத்தான் செய்யப்படுகிறது. பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். அதன் அளவு குறைத்து வைக்கப்பட்டிருந்தால், அல்லது நடு ஸ்பீக்கரே இல்லை என்று ரிசீவரின் மெனுவில் பதிந்திருந்தால், நீங்கள் சொன்னது மாதிரித்தான் கேட்கும். இரவில் பார்ப்பதற்கென்று நைட் மோட் மாதிரி ஒரு தெரிவு அநேகமான ரிசீவர்களில் உண்டு. அதைப் போட்டால் உச்சம் அமுங்கும். டிவியிலும் சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் தெரிவு இருக்கும். அதையும் ரிசீவரில் இருப்பதையும் ஒன்றாகப் போட்டுவிட்டால் சத்தம் அலைபாய்வது போலக் கேட்கும். இதையெல்லாம் "பழுது" என்று எழுதிக் கொடுத்தால் கடைக்காரரின் டெக்னீஷியன் விசாரணையில் ரிமோட்டை எடுத்து இரண்டு நிமிடத்தில் சரி செய்து காட்டுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையான பழுதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

யாரும் தொடாமல் உச்சத்துக்குப் போனது வேறு விடயம். உங்கள் வழக்கு அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு விவரத்தை நீங்கள் எழுதவில்லை: சத்தம் ஏறும்போது ரிசீவரின் முன் திரையில் உள்ள வொலியூம் இலக்கமும் ஏறியதா?

நான் எலெக்ட்ரோனிக்ஸ் படித்தவன் இல்லை. ஆனால் இந்த மாதிரிக் கோப்புகளில் வரும் டெக்னீஷியன் அறிக்கைகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் பிரிகின்றன. இலக்கம் அப்படியே நிற்க, சத்தம் மட்டும் கூடிக் குறைந்தால் சனல், டிஸ்க், டிவி, ஸ்பீக்கர் வயரின் தளர்ச்சி என்று கடைக்காரருக்குக் கைகாட்ட நாலு இடம் இருக்கும். இலக்கமே தானாக ஏறினால் யாரோ அல்லது ஏதோ ரிசீவருக்குக் கட்டளை கொடுக்கிறது. எச்.டி.எம்.ஐ. வயர் வழியாக டிவி கொடுக்கலாம், ஏனென்றால் ஒரு ரிமோட்டால் இரண்டையும் இயக்கும் வசதி அந்த வயரில்தான் ஓடுகிறது. ரிமோட்டின் பட்டன் இறுகி நிற்கலாம். வைஃபையில் இணைந்த ஏதோ ஒரு ஃபோன் கொடுக்கலாம், பிள்ளைகளின் ஃபோனையும் பாருங்கள். இவை ஒன்றும் இல்லாமலும் இலக்கம் ஏறினால் பெரும்பாலும் ரிசீவரின் வொலியூம் குமிழுக்குள் இருக்கும் பாகம் பழுது. இரண்டு கிழமையில் அது பழுதானால் பாவனையில் தேய்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே இந்த வார இறுதியில் செய்ய வேண்டியது இது. ரிமோட்டின் பற்றரியைக் கழற்றுங்கள். எச்.டி.எம்.ஐ. வயரை ரிசீவரிலிருந்து பிடுங்குங்கள். ரிசீவரின் வைஃபையையும் புளூடூத்தையும் நிறுத்துங்கள். ஒரு ஃபோனிலிருந்து சாதாரண வயரில் பாட்டை ஓடவிட்டு, முன் திரையை வீடியோ எடுங்கள். வீடியோ ரிசீவரின் பின்புறத் தொடர் இலக்கத்தில் தொடங்க வேண்டும், இடையில் நிறுத்தக் கூடாது. ஒரு நாளில் பிடிபடாவிட்டால் அடுத்த நாளும் எடுங்கள். டாக்டரின் கதிரையில் உட்கார்ந்ததும் நின்றுவிடும் பல்வலி மாதிரித்தான் இந்தப் பழுது, கடை ஆள் வரும்போது வராது. அவர் "பிழை இல்லை" என்று எழுதிய மூன்று தாள்களுக்கும் எதிராக உங்கள் கையில் இருக்கப்போவது இந்த வீடியோ மட்டும்தான்.

அந்த மூன்று தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் முறைப்பாடு செய்பவர்களைக் கவிழ்ப்பது சட்டத்தின் நுணுக்கம் இல்லை, அவர்களே போட்ட கையெழுத்து. "நல்ல நிலையில் உள்ளது, திருப்தி" என்று அச்சடித்த தாளின் கீழ், ஆளை வாசலில் நிற்க வைத்துக்கொண்டு, வாசிக்காமலே போடும் கையெழுத்து. அதை இனி அழிக்க முடியாது. ஆனால் நாலாவது தடவை ஆள் வந்தால், கையெழுத்துக்கு மேலே "பார்க்க வந்த நேரம் பழுது தோன்றவில்லை, பழுது தொடர்கிறது" என்று உங்கள் கையாலேயே தமிழில் எழுதி, திகதி போட்டு, தாளை ஃபோனில் படம் எடுத்த பிறகு கொடுங்கள். எழுத விட மாட்டேன் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து, உங்கள் கணவருக்குத் தெரிந்த யாரோ ஒருவர். எலெக்ட்ரோனிக்ஸ் தெரிந்த மச்சான், பக்கத்துத் தெரு ரேடியோ கடைக்காரர், "மூடியைக் கழற்றினால் ஐந்து நிமிட வேலை" என்பவர். கழற்றினால் வாரண்டி சீல் போகும், சீலோடு வழக்கும் போகும். அந்தப் பழுது கடையிலிருந்து வந்ததா மச்சானிடமிருந்து வந்ததா என்று பிறகு நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். திருகாணியை யாரும் தொட வேண்டாம்.

அடுத்து அவர்கள் சொல்லப்போவது "கரண்ட் பிரச்சினை". வாரண்டி அட்டையின் பின்புறத்தில் மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கம் பொறுப்பில் வராது என்று பொதுவாக அச்சடித்திருப்பார்கள். இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டிய மின்சாரம் 230 வோல்ட், அதில் 6 சதவீதம் ஏறலாம் இறங்கலாம். அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. மின்னழுத்தம் விழுந்தால் ரிசீவர் அணைந்து மீண்டும் இயங்குவதுதான் வழமை, திரை இலக்கம் ஒழுங்காகப் படியேறாது. இருந்தாலும் ஒரு சாதாரண வோல்ட் மீட்டரை வாங்கி வீடியோவில் அந்தப் பிளக்கின் வோல்ட்டையும் காட்டிவிடுங்கள், அந்த வாதம் அங்கேயே முடியும்.

"செட்டிங் பிழை" என்ற வாதம் உங்களுக்கு உதவும் இடமும் ஒன்று உண்டு, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. செட்டிங் செய்தது யார்? அவர்கள் ஆள், 7,500 ரூபா வாங்கிக்கொண்டு. பணத்துக்குச் செய்யும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதம், யாரும் சொல்லாவிட்டாலும் உண்டு என்று அதே 2003 சட்டத்தின் 32 ஆம் பிரிவு சொல்கிறது. பழுது என்றால் பொருளுக்குப் பொறுப்பு, செட்டிங் என்றால் பூட்டிய வேலைக்குப் பொறுப்பு. முறைப்பாட்டில் இரண்டையும் கேளுங்கள். 7,500க்குத் தனிப் பற்றுச்சீட்டு இல்லையென்றால் அவர் வந்த நாளில் வந்த மெசேஜாவது தேடி எடுங்கள்.

தவணையை நிறுத்த வேண்டாம். கடைக்காரருக்கு வங்கி எப்போதோ பணம் கொடுத்துவிட்டது, நீங்கள் இப்போது கடன்பட்டிருப்பது வங்கிக்கு. நிறுத்தினால் வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறும், கடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அது நிற்கும். அடுத்த வருடம் வீட்டுக் கடனுக்குப் போகும்போது வங்கி முகாமையாளருக்கு ஹோம் தியேட்டர் கதை சொல்ல வேண்டி வரும். கடைக்காரருக்கு ஒரு சதமும் குறையாது.

முகநூலும் வேண்டாம். குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டது உண்மைதான், ஆனால் சிவில் வழக்கு அப்படியே இருக்கிறது. "கள்ளக் கடை", "ஏமாற்றுக்காரர்" என்று எழுதிவிட்டால், அடுத்த கிழமை கடைக்காரரின் சட்டத்தரணியிடமிருந்து நட்டஈடு கேட்டுக் கோரிக்கைக் கடிதம் வரும். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை உங்கள் ரிசீவரைப் பற்றி இருக்காது, உங்கள் பதிவை அழிப்பதைப் பற்றி இருக்கும். அந்தக் கடிதத்துக்குப் பயந்து முறைப்பாட்டையே விட்டுக்கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி முழுப் பணம். அது கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, பொருளை வைத்துக்கொண்டு நியாயமான காலம் போகும்வரை "வேண்டாம்" என்று அறிவிக்காதவர் அதை ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுவார். ஏற்றுக்கொண்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நட்டஈடு கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். நீங்கள் இரண்டு மாதம் படம் பார்த்திருக்கிறீர்கள். பழுது பார்க்கச் சொல்லி இருக்கிறீர்கள், ஆனால் "எடுத்துக்கொள், காசைத் தா" என்று எழுத்தில் ஒரு தடவையும் சொல்லவில்லை. ஸ்பீக்கர்களிலும் சப்வூஃபரிலும் ஒரு குறையும் நீங்கள் எழுதவில்லை. ஒரு ரிசீவரின் பழுதுக்காக முழுத் தொகுப்பையும் திருப்பி எடு என்றால், எந்த அதிகாரியும் கொஞ்சம் யோசிப்பார்.

அதனால் என் ஆலோசனை, ரிசீவரை மாற்றித் தருவதற்குச் சம்மதியுங்கள். முதலாளி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நிபந்தனை வைக்காதீர்கள், அதில்தான் பேச்சு முறியும். வீடியோ கைக்கு வந்ததும் கடைக்கு ஒரு பக்கக் கடிதம், பதிவுத் தபாலில், ஏழு நாள் அவகாசத்தோடு அனுப்புங்கள். அதே நாளில் அதிகார சபைக்குரிய முறைப்பாட்டையும் எழுதி முடித்துக் கையில் வைத்திருங்கள். ஏழாவது நாள் பதில் வராவிட்டால் எட்டாவது நாள் அது போக வேண்டும். வீடியோ பிடிபடவில்லை என்றாலும் ஜூன் முடிவதற்குள் முறைப்பாடு போகட்டும். ஜூலை 8 வரை காத்திருக்காதீர்கள், நடுவில் போயா விடுமுறை, வார இறுதி என்று நாட்கள் போய்விடும்.

கடைக்காரர் மாற்றித் தருகிறேன் என்றால் மூன்றை எழுத்தில் வாங்குங்கள். புதிய ரிசீவரின் தொடர் இலக்கம். வாரண்டி பழைய ஏப்ரல் 8 இலிருந்து இல்லாமல் மாற்றித் தரும் நாளிலிருந்து ஒரு வருடம் என்று ஒரு வரி. அவர்கள் செலவிலேயே பூட்டி, நடு ஸ்பீக்கரையும் இரவுத் தெரிவையும் சரியாக அமைத்துக் காட்டுவார்கள் என்று இன்னொரு வரி. பழைய ரிசீவரைப் புதியது வந்த பிறகே கையளியுங்கள். "திருத்தித் தருகிறோம், இரண்டு கிழமை கடையில் இருக்கட்டும்" என்றால் ஜூலை 8க்கு முதல் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஒத்துக்கொள்வதானால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள்.